கண் போய் உட்காரும் நிறம்

மார்ச் 4

கடையின் முன்ஜன்னலை இன்று முழுக்கக் காலி செய்தோம். பச்சை வெல்வெட் சோபா, பித்தளைக் கால் வைத்த மேசை, இலைப்படம் போட்ட திரை. போன சீசனில் இதற்காகத்தான் தெருவில் நின்று பார்த்தார்கள். இன்று எல்லாம் கிடங்குக்கு. இனிமேல் கிரீம். கிரீமில் இத்தனை வகை உண்டு என்று இந்த வேலைக்கு வராமல் இருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. பால் கிரீம், மணல் கிரீம், சாம்பல் தட்டிய கிரீம். சோபா விற்கிற கடையில் ஜன்னல் அலங்காரம் செய்கிறவளுக்கு நிறம்தான் காலண்டர்.

சாயங்காலம் தம்பி வந்தான். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தருவது அவன் தொழில். எங்கள் வீட்டை முழுதாகத் தன்னிடம் விட்டுவிடச் சொல்கிறான். "உன் வீடுதான்க்கா என் ஷோரூம். போட்டோ எடுத்துப் போட்டேன்னா ஆர்டர் கொட்டும்." டேப்லெட்டில் படம் காட்டினான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. கதவுக்குச் சட்டம் இல்லை. அலமாரிக்குக் கைப்பிடி இல்லை. தரை, சுவர், மேசை எல்லாம் ஒரே நிறம்.

"எது எங்கே முடியுதுன்னே தெரியக்கூடாது. அதுதான் இப்போ."

அழகாகத்தான் இருக்கிறது. வாய் பிளந்து பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடத்திவிட்டு வந்த இவரிடம் காட்டினேன். டேப்லெட்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உனக்குப் பிடிச்சா சரி." கல்யாணம் ஆனதிலிருந்து இதே பதில்தான். நான் சோபாவை இடம் மாற்றும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுகொண்டு, "இது நம்ம வீடுதானே? உள்ளே வரலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மார்ச் 12

சுவரை இடித்தாயிற்று. மூக்கு, காது, தலையணை உறை எல்லாவற்றிலும் தூசி. மரவேலைக்காரர் கதவுச் சட்டங்களைப் பெயர்த்து வெளியே சாத்தி வைத்திருந்தார். அந்தக் காலத்துப் பழுப்பு வார்னிஷ், பார்க்கவே கண்றாவி. இவர் அவற்றின் பக்கத்தில் போய் நின்றார்.

"இதை மட்டும் விட்டுடலாமே?"

"இதை விட்டா மத்ததெல்லாம் எதுக்குங்க?" என்றேன்.

சரி என்று போய்விட்டார்.

மார்ச் 29

முடிந்தது! தம்பி இரண்டு மணி நேரம் படம் எடுத்தான். என் செருப்பைக்கூட ஒளித்து வைத்தான், நிறம் ஒத்துவரவில்லையாம். ராத்திரிக்குள் நூற்றுக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். கடை மேலாளர் போன் செய்து, "நம்ம ஜன்னலைவிட உங்க வீடு நல்லா இருக்கே" என்றார்.

நடுக்கூடத்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தேன். முட்டை ஓட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நிம்மதிதான். இவர் வாசலிலேயே வெகுநேரம் நின்றார். நான் வழக்கமான கேலிக்குக் காத்திருந்தேன். "நல்ல வெளிச்சமா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 2

இவர் காபிக் கோப்பையை மேசை மேல் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார். கிரீம் கோப்பை, கிரீம் மேசை, கிரீம் தரை. உடைந்த சில்லுகளைத் தேடிப் பொறுக்குவதற்குள் எனக்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

ஏப்ரல் 9

பெரிய சண்டை.

கூடத்து பெஞ்சில் இவர் முழங்காலை இடித்துக்கொண்டார். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ. நான் சிரித்துவிட்டேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

"இது வீடா, பஞ்சு மூட்டையா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இப்படிக் கத்தியதே இல்லை. எனக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே! எது கேட்டாலும் 'உனக்குப் பிடிச்சா சரி, உனக்குப் பிடிச்சா சரி'ன்னுட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் பஞ்சு மூட்டையாம். இத்தனை பேர் நல்லா இருக்குன்னு சொல்றாங்க, கட்டின ஆளுக்கு மட்டும் கண்ணுல படலை.

கடைசி வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

ஏப்ரல் 10

பேச்சு இல்லை.

ஏப்ரல் 15

சமையலறைப் பக்கம் இறங்குகிற ஒற்றைப் படியில் இவர் விழுந்துவிட்டார். மணிக்கட்டில் சுளுக்கு, கட்டுப் போட்டிருக்கிறது. தம்பி பார்க்க வந்து, "போனைப் பாத்துட்டே நடந்திருப்பீங்க மாமா" என்று கிண்டல் செய்தான். வெளியூரில் படிக்கும் மகள் போனில் அழாத குறை. "அம்மா, அப்பா கண்ணை ஒருதரம் காட்டேன்." நான் இவர் முகத்தைப் பார்த்தேன். "கண்ணாடி பவர் மாறியிருக்கும். வாங்கிக்கலாம்" என்றார்.

ஆனால் அந்தப் படி. நானே கவனித்துத்தான் இறங்குகிறேன். படிக்கு மேலேயும் கீழேயும் ஒரே தரை ஓடு, நடுவில் ஒரு கோடுகூட இல்லை. எது எங்கே முடிகிறது என்று தெரியக்கூடாதாமே. தெரியவில்லை, விழுந்துவிட்டார். தம்பியைக் கேட்டால் ஒரு விரிப்புப் போடச் சொல்கிறான், கிரீம் நிறத்தில்.

ஏப்ரல் 19

இவர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலை நடத்தும் அம்மா கடைக்கு வந்தார், மகளின் புது வீட்டுக்குக் கட்டில் பார்க்க. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார் வகுப்பு எடுக்க ஆரம்பிச்சப்புறம் எழுத்துத் தேர்வுல யாரும் ஃபெயிலே ஆகிறதில்லைங்க. ஆனா வண்டியை ஒரேயடியா விட்டுட்டாரேன்னுதான் வருத்தம். போன வருஷம் வரைக்கும் அவர்கிட்ட ஓட்டக் கத்துக்கணும்னு க்யூ நிக்கும். முதுகு வலி இப்போ பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். கட்டில் காட்டினேன். தேக்கா, ரப்பர் மரமா என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். என் வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

முதுகு வலியா? என்ன முதுகு வலி?

இவரிடம் இன்னும் கேட்கவில்லை. தட்டில் சோறு போடும்போது அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் டம்ளரை நேராக எடுப்பதில்லை. விரல்கள் மேசையில் ஊர்ந்து போய் டம்ளரைக் கண்டுபிடிக்கின்றன. எப்போதிருந்து இப்படி?

ஏப்ரல் 20

கேட்டேன். சொல்லிவிட்டார்.

ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. இருட்டினால் ஒன்றும் தெரிவதில்லை. பகலில் நேரே இருப்பது தெரிகிறது, பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. "குழாய் வழியா பாக்கிற மாதிரி. குழாய் கொஞ்சம் கொஞ்சமா சிறுத்துட்டு வருது." போன வருஷமே டாக்டரிடம் போயிருக்கிறார். தனியாக.

ஒருநாள் ஓட்டப் பழகும் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள். "என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. நான்தான் மிதிச்சிருக்கணும். எனக்கு சைக்கிளே தெரியலை. அந்தப் பொண்ணு மிதிச்சா. 'சார், டெஸ்ட் பண்றீங்களா'ன்னு சிரிச்சா வேற." வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இறங்கியவர், அதன் பிறகு ஏறவில்லை. முதலாளி அம்மாவிடம் முதுகு வலி என்று சொல்லிவிட்டு, வகுப்பறைக்கு மாறிக்கொண்டார்.

"என்கிட்ட ஏங்க சொல்லலை?"

"சொல்லத்தான் இருந்தேன். அன்னைக்குன்னு பாத்து நீ ஜன்னல் திரையெல்லாம் புதுசா மாட்டிட்டு, எப்படி இருக்குன்னு கேட்ட. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு. அப்புறம் உன் தம்பி வந்தான். அப்புறம் சுவரை இடிச்சாச்சு."

சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை. ஒரு வருஷம்! ஒரே வீட்டுல! ஒரே கட்டில்ல! சினிமாவுக்குக் கூப்பிட்டா தலைவலி, கல்யாணத்துக்குக் கூப்பிட்டா அசதி — வயசாகுது போலன்னு நானும் விட்டுட்டேனே. கோபத்துல தலையணையைத் தூக்கி எறிஞ்சேன். பக்கத்துலதான் எறிஞ்சேன். அவருக்கு அது வந்ததே தெரியலை. அதுக்கப்புறம்தான் அழுதேன்.

பிறகு, நான் கேட்காமலே, இதைச் சொன்னார்:

"அந்தப் பழுப்புச் சட்டம் இருந்துச்சில்ல. அது எங்கே இருக்குன்னு தெரியும். அதை வச்சு, சுவர் எங்கே, சோபா எங்கேன்னு புரிஞ்சுப்பேன். இப்போ பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லம்மா."

ஏப்ரல் 24

இருவரும் சேர்ந்து கண் டாக்டரிடம் போனோம். என் வயதுப் பெண். படம் வரைந்து காட்டினார், சுற்றி வளைக்காமல் பேசினார். நிறுத்த மருந்து இல்லை. ஐந்து வருஷமா, பதினைந்து வருஷமா, யாராலும் சொல்ல முடியாது. முழுக்கப் போகாமலும் இருக்கலாம்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். விளிம்புகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். விளக்கு கண்ணைக் கூசக்கூடாது. கடைசியாக, "எதையும் இடம் மாத்தாதீங்க. அவர் வீட்டை மனப்பாடம் பண்ணுவார். நீங்க பாடத்தை மாத்திட்டே இருந்தா அவர் என்ன பண்ணுவார்?" என்றார்.

இவர் டாக்டர் அறை அதிரச் சிரித்தார். "டாக்டர், எனக்கு மருந்து இல்லேன்னு சொல்லிட்டு இவளுக்குல்ல எழுதிக் குடுத்துட்டீங்க!"

எத்தனை மாதமாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு.

யாரிடமும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார் வழியில். மகளிடம் மட்டும் தானே சொல்லிக்கொள்கிறாராம்.

மே 1

தம்பியிடம், வீட்டை மறுபடி மாற்ற வேண்டும் என்றேன். ஏன் என்று சொல்ல முடியவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

அவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகையிலிருந்து இந்த மாதக் கடைசியில் படம் எடுக்க வருகிறார்களாம், எங்கள் வீட்டை, முழுசாக ஆறு பக்கத்துக்கு. "அதுவரைக்கும் ஒரு ஆணியைக்கூட தொடாதேக்கா. என் வாழ்க்கையே இதுல இருக்கு."

இதை இங்கே எழுதத்தான் வேண்டும்: எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. ஆறு பக்கம். படத்துக்குக் கீழே என் பேரும் வருமாம். மாதக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னால் இவர் பொறுத்துக்கொள்வார். 'உனக்குப் பிடிச்சா சரி' என்பார். அதுதான் பயமாக இருந்தது.

முடியாதுடா என்றேன்.

"உன் புத்தியே இதான்க்கா. ஒரு மாசம்கூட உனக்கு ஒண்ணு பிடிக்காது. பாவம் மாமா, எப்படித்தான் உன்கிட்ட குப்பை கொட்டறாரோ."

உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து இவர் வந்தார், சுவரைக் கையால் தடவிக்கொண்டே. "அவளைத் திட்டாதடா. அவ எனக்காகச் சொல்றா" என்றார். உட்கார்ந்து எல்லாவற்றையும் அவரே சொன்னார். தம்பி வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான். முடிந்ததும் சட்டென்று எழுந்து போனான். கோபித்துக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். காரிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்தப் படியின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, இங்கே என்ன நிறம் போட்டா உங்களுக்குத் தெரியும்?"

மே 6

கண்ணை மூடிக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தேன். இவர் பார்த்துவிட்டார். "அது இருட்டு. எனக்கு இருக்கிறது இருட்டு இல்ல, குழாய்" என்று ஒரு தாளைச் சுருட்டி என் கண்ணில் வைத்தார். இரண்டு எட்டு வைத்தேன், அலமாரியில் முட்டிக்கொண்டேன். "லைசென்ஸ் கிடையாது, அடுத்த மாசம் வாங்க" என்றார்.

மே 8

கடையில் இன்று வேலை ஓடவில்லை. கிடங்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை சோபாக்களை ஜன்னலில் வைத்து, எத்தனையைத் திரும்ப எடுத்திருப்பேன்! இதில் எதோடு பதினைந்து வருஷம் இருக்க முடியும் என்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்தேன். பெரும்பாலானவை படம் எடுப்பதற்காகச் செய்தவை. எழும்போது கை ஊன்ற இடமில்லை.

கிடங்கின் கோடியில் கைப்பிடி வைத்த மர நாற்காலி. நேர் முதுகு, கனம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாதம் ஒன்றிரண்டு விற்கும். ஒருநாளும் ஜன்னலுக்கு வந்ததில்லை. தள்ளுபடிக்கும் போனதில்லை. அதில் உட்கார்ந்தேன். மேலாளர் தேடி வரும்வரை எழத் தோன்றவில்லை.

மே 13

நிறத்துக்காகச் சண்டை. இந்தத் தடவை நல்ல சண்டை.

கதவுச் சட்டங்களுக்கும் படி விளிம்புக்கும் ஒரே நிறம், அதை இவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து நிற அட்டையை ஒவ்வொரு சதுரமாகக் குழாய்க்கு நேரே கொண்டு வந்து பார்த்தார். ஒரு நீலத்தில் நின்றார்.

"இது."

"ஏங்க இது?"

"ஏன்னு தெரியலை. கண்ணு அங்கே போய் உக்காந்துக்குது."

எனக்கு அந்த நீலம் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரித் திரை நீலம். இவர் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிறமாச்சே, எப்படி வேண்டாம் என்பது? ரொம்ப நல்லா இருக்கு என்றேன்.

"பொய் சொல்றப்போ உன் குரல் ஒரு படி மேலே ஏறும்" என்றார்.

"உங்களுக்குப் பிடிச்சா சரிங்க."

"அது என் டயலாக்."

அட்டையை மடியில் வைத்தார். பிறகு, "இங்க பாரு. நான் இதைக் கொஞ்ச வருஷம் பாப்பேன். அப்புறம் நீ ஒருத்திதான் பாப்ப. எனக்குத் தெரியணும், சரி. ஆனா உனக்குப் பிடிக்கணும். அதிக நாள் பாக்கப் போறது நீதானே" என்றார்.

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மே 17

முடிவாகிவிட்டது. அரக்கு.

கடையில் துணிக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. சிவப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. அந்த நாற்காலி மாதிரிதான் இதுவும். எந்த சீசனிலும் ஜன்னலுக்கு வராது, ஆனால் எல்லா சீசனிலும் கட்டு தீர்ந்துவிடும். ஒரு துண்டு வெட்டி வந்து கிரீம் கதவில் ஒட்டினேன். ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டேன். இவர் வெளியிலிருந்து வந்தார். காலடிச் சத்தம் நின்றது.

"யாரு இங்கே நிக்கிறது?" என்று கேட்டார். பிறகு, "ஓ. இது நல்லா இருக்கே" என்றார்.

அவர் குரல் படி ஏறவில்லை. "ஆமாங்க" என்றேன். என் குரலும் ஏறவில்லை.

ஜூன் 8

வேலை நடக்கிறது. இடித்த சுவரை முழுக்க எழுப்பவில்லை. இடுப்பு உயரத்துக்கு மட்டும், கை வைத்துக்கொண்டு நடக்க. வெளிச்சம் அப்படியே வருகிறது. இது தம்பியின் யோசனை, நன்றாகவே வந்திருக்கிறது. மேசை விளிம்பில் அரக்குப் பட்டை. பெஞ்ச் போய்விட்டது. கனத்த நாற்காலிகள் நான்கு வந்திருக்கின்றன. பத்திரிகைக்காரர்கள் தம்பி செய்த வேறு ஒரு வீட்டுக்குப் போனார்கள். ஆறு பக்கம் இரண்டு பக்கமாகிவிட்டதாம். அச்சுக்குப் போகிற அந்த இரண்டு பக்கத்தின் நகலை அவன் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 19

விடுமுறைக்கு வந்த மகள் பையை நடைவழியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் கத்தினேன். "அம்மா, பொருளை எடுத்து வைன்னு நீ சொல்லி இன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்கறேன்" என்றாள், ஈரத் தலையோடு. பிறகு பையைப் பார்த்தாள், நடைவழியைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 3

சோபாவை ஜன்னல் பக்கம் திருப்பினால் எப்படி இருக்கும்? இப்போதைவிட நன்றாக இருக்கும். திருப்பவில்லை.

ஆகஸ்ட் 17

இந்த டைரியைத் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. எழுத வேண்டும் என்ற தவிப்பு இல்லை.

குழாய் இன்னும் சிறுத்திருக்கிறது. முகம் முழுதாகத் தெரிவதில்லையாம். என் கண்ணைப் பார்த்தால் வாய் தெரியாது, வாயைப் பார்த்தால் கண் தெரியாது. "நல்லதுதான், ஒண்ணு ஒண்ணா பாக்கலாம்" என்கிறார். இரண்டு நாள் சிரிக்கிறார், மூன்றாம் நாள் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். வகுப்பு மட்டும் தொடர்கிறது. போக வர ஒரு மாணவன் துணை.

இன்று ஒரு தம்பதி வீட்டைப் பார்க்க வந்தார்கள். அந்த டாக்டர்தான் அனுப்பியிருந்தார். கணவருக்கு இதே நோய், இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் அவரை எழுப்பி, வண்டியில் ஏற்றிய மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"இடது கையை இந்தச் சின்னச் சுவர் மேலே வைங்க. இறுக்கிப் பிடிக்காதீங்க, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி லேசா. நேரே பாருங்க, அரக்குக் கலர்ல ஒரு சட்டம் தெரியுதா? அதுதான் சிக்னல். அங்கே திரும்பணும். மெதுவா, மெதுவா. பின்னாடி யாரும் ஹாரன் அடிக்கலை."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். அவர் மனைவி சட்டென்று என் கையைப் பிடித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு கணவர் சிரித்துக் கேட்கிறார் என்பது அந்தப் பிடியில் தெரிந்தது.

புறப்படும்போது ஆண்கள் இருவரும் முன்னால் போக, அந்தப் பெண் வாசலில் தயங்கி நின்றார். வீட்டைத் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டீங்களே? இப்படியே வச்சிருக்கீங்களே, எப்பவாவது எதையாவது மாத்தணும்னு தோணாதா?"

"தினமும் தோணும்" என்றேன்.